கழுத்து மாற்றிய வயலின்கள்

என்னிடம் ரிப்பேருக்கு வருகிற பழைய வயலின்களில் பாதிக்கு மேல் ஸ்ட்ராடிவாரி செய்தவை. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டை நம்பினால் அப்படித்தான். எஃப் துளை வழியாக டார்ச் அடித்தால் பழுப்பேறிய காகிதத்தில் லத்தீன் எழுத்து தெரியும்: அந்தோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ், கிரெமோனா, ஆண்டு 17 சொச்சம். "தாத்தா வாசித்தது சார், பேங்க் லாக்கரில் வைத்துவிடலாமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். நல்ல வேலையாக இருந்தால் அங்கே பேஸ் பார் என்கிற நீளக் கட்டையைத் தனியாகச் செதுக்கி ஒட்டியிருப்பார்கள். மலிவு வேலையில் பலகையைக் குடையும்போதே அந்த இடத்தை மட்டும் மேடாக விட்டுவிட்டு அடுத்த வயலினுக்குப் போயிருப்பார்கள். ஜெர்மனியின் மார்க்நாய்கிர்சென் வட்டாரத்துக் குடிசைத் தொழிலில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகம் முழுக்கக் கப்பலேறிய சரக்கு அது. சீட்டு ஒட்டியவர்களைத் திட்டவும் முடியாது. 'இன்னார் மாதிரியில் செய்தது' என்பதற்கு மேல் அவர்கள் அதில் எதையும் சொல்ல நினைக்கவில்லை.

ஆனால் வேடிக்கை இது. நிஜமான ஸ்ட்ராடிவாரியைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருக்கும் பேஸ் பார் பெரும்பாலும் ஸ்ட்ராடிவாரி வைத்ததாக இருக்காது. கழுத்தும் ஃபிங்கர் போர்டும் அவருடையவை அல்ல. பிரிட்ஜும் தந்தியும் வில்லும் நிச்சயமாக இல்லை. சுருள் தலை அவருடையது, பெட்டி அவருடையது. இரண்டையும் இணைக்கிற மரம் பெரும்பாலும் அவர் செத்து அறுபது எழுபது வருஷம் கழித்து வேறு யாரோ வைத்தது. வார்னிஷில் என்ன கலந்தார், மரத்தை எந்த ஆற்றில் ஊறப்போட்டார் என்று ஆளாளுக்கு ரகசியம் பேசுகிறார்கள். கழுத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் கழுத்து மாட்டிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது. அந்தக் கழுத்தை மாற்றவைத்தது ஆப்பரா அரங்கு என்பது என் கட்சி.

முதலில் இருந்து வருவோம். 1556இல் லியோன் நகரில் பிலிபெர் ஜாம்ப் து ஃபெர் என்பவர் ஓர் இசைக் கையேடு அச்சிட்டார். வயோல் என்பது கனவான்களும் வணிகர்களும் பொழுதுபோக்குக்கு வாசிப்பது, வயலின் என்பது கல்யாணத்திலும் ஆட்டத்திலும் கூலிக்கு வாசிக்கிறவன் கையில் இருப்பது என்று அதில் பிரித்து வைத்திருக்கிறார். வயோலை மடியில் அல்லது காலிடுக்கில் நிறுத்தி வாசிப்பார்கள். ஆறு தந்தி, கழுத்தில் குடல் நரம்பால் கட்டிய மெட்டு, மெல்லிய குரல். லூட்டும் அப்படித்தான். நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஐந்தாவது ஆள் கேட்டால் போதும் என்ற அளவில் செய்த வாத்தியங்கள். மறுமலர்ச்சிக் காலத்து வீட்டு இசைக்கு அதற்கு மேல் சத்தம் தேவைப்படவில்லை. சத்தம் வேண்டுமென்றால் வெளியே, கோயில் மாடத்தில், ஊர்வலத்தில், தோல் சுற்றிய மரக் குழலான கார்னெட்டும் டிராம்போனின் மூதாதையான சாக்பட்டும் இருந்தன.

ஆட்டக்காரனின் வயலினை அரண்மனைக்குள் கொண்டுபோனவர்களில் முதல் பெயர் அந்திரேயா அமாத்தி. இத்தாலியில் போ ஆற்றங்கரையில் உள்ள கிரெமோனாக்காரர். பிரெஞ்சு அரசன் ஒன்பதாம் சார்லஸின் சின்னம் வரைந்த வாத்தியங்களை 1560களில் செய்து அனுப்பினார். மொத்தம் 38 என்று ஒரு பழங்கணக்கு உண்டு. அவற்றில் 1564ஆம் ஆண்டு வயலின் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 'அரசன்' என்று பெயர் பெற்ற செல்லோ அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் இருக்கிறது. அந்த செல்லோவின் பின்பலகைப் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். முதலில் அது இப்போதைய செல்லோவைவிடப் பெரிய உடம்பு. பிற்காலத்தில் விரலுக்கு எட்டவில்லை என்று யாரோ நடுவிலும் ஓரத்திலும் அறுத்துச் சிறிதாக்கிவிட்டார்கள். அதனால் பின்பலகையில் வரைந்திருந்த உருவங்களில் ஒரு பகுதி மரத்தோடு போய்விட்டது. ஓவியத்தை வெட்டக்கூடாது என்ற எண்ணம் வரவில்லை. வாத்தியம் என்றால் வாசிக்க வேண்டும், வாசிக்க முடியாவிட்டால் திருத்த வேண்டும் என்ற ஒரே கணக்கு. பின்னால் நடந்ததெல்லாம் இதே கணக்கில்தான் நடந்தது.

கிரெமோனாவுக்கு ஆப்பராவோடு உள்ள உறவு மரத்தோடு முடியவில்லை. ஆப்பரா எழுதிய இசையமைப்பாளர் கிளாடியோ மாண்டெவெர்தி அங்கேதான் 1567இல் பிறந்தார். 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கும் மாந்துவாவில், கொன்சாகா பிரபுக்களின் அரண்மனையில், 1607 பிப்ரவரியில் அவருடைய 'ஓர்ஃபேயோ' ஆப்பரா அரங்கேறியது. இரண்டு வருஷம் கழித்து வெனிஸில் அச்சான பிரதியில் என்னென்ன வாத்தியம் என்று பட்டியலே கொடுத்திருக்கிறார்: ஹார்ப்சிகார்டு இரண்டு, மரக்குழாய் ஆர்கன், கரகரக்கும் ரீகல், நீளக் கழுத்து லூட்டுகள், ஹார்ப், கார்னெட், சாக்பட், வயோல், பிறகு வயலின் குடும்பம். ஒரு யுகத்தின் வாத்தியக் கிடங்கு முழுவதும் அங்கே ஒரே இரவில் கூடி நின்றது. ஆனால் இடம்? அச்சுப் பிரதியின் சமர்ப்பணத்தில் அவரே சொல்கிறார், குறுகிய மேடை என்று. கேட்க வந்தவர்கள் அழைக்கப்பட்ட கனவான்கள். நாலு சுவருக்குள் அத்தனை வாத்தியமும் கேட்டிருக்கும், யாரும் யாரையும் அமுக்க வேண்டியிருந்திருக்காது.

காசு கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம் என்று 1637இல் வெனிஸின் சான் கசியானோ அரங்கு கதவைத் திறந்தது. முதல் பொது ஆப்பரா அரங்கு என்று அதைச் சொல்கிறார்கள். பணக்காரக் குடும்பங்கள் வருஷத்துக்கு மாடப்பெட்டி வாடகைக்கு எடுத்தன, கீழே டிக்கெட் வாங்கியவர்கள். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மாண்டெவெர்தி மறுபடியும் ஆப்பரா எழுத உட்கார்ந்தார். 1643இல் 'பொப்பேயா' வெனிஸில் வேறோர் அரங்கில் மேடையேறியது. அதே 1643இல் அவர் காலமானார். வெனிஸ் முதலாளிகள் பாடகர்களுக்குக் கொட்டிக் கொடுத்து வாத்தியக்காரர்களில் மிச்சம் பிடித்தார்கள். ஒரு கைப்பிடி வயலின், இரண்டு மூன்று ஹார்ப்சிகார்டு, நீள லூட்டு. அவ்வளவில் ஓர் இரவு ஓடிவிடும். மாந்துவாவின் தாராளம் அங்கே கிடையாது.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு வயலின் வியாபாரம் எனக்கு மிகவும் பிடித்தது. வாங்கியவர் கலிலேயோ. தன் தம்பி மகனுக்கு நல்ல வயலின் வேண்டும் என்று வீட்டுக்காவலில் இருந்தபடி வெனிஸில் இருந்த தன் நண்பரான துறவி மிக்கான்சியோவுக்கு எழுதுகிறார். மிக்கான்சியோ போய் மாண்டெவெர்தியிடம் யோசனை கேட்கிறார். பிரெஷியா ஊர் வயலின் நாலு டக்காட்டுக்குக் கிடைக்கும், கிரெமோனா வயலின் பன்னிரண்டுக்குக் குறையாது, ஆனால் கிரெமோனாதான் ஒப்பில்லாதது என்று பதில் வருகிறது. ஸ்ட்ராடிவாரி பிறப்பதற்கு முன்பே விலை மூன்று மடங்கு! ஊர்ப்பெயருக்குக் காசு கொடுக்கும் பழக்கம் நம் காலத்தில் வந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்குச் சில வருஷம் முன்னால், 1630இல், கொள்ளைநோய் வட இத்தாலியை வாரிக்கொண்டு போயிருந்தது. பிரெஷியாவின் பெரிய கைவினைஞர் மஜ்ஜினி போய்விட்டார், கிரெமோனாவில் அந்திரேயாவின் மகன் ஜிரோலாமோ போய்விட்டார். ஜிரோலாமோவின் மகன் நிக்கோலோ மிஞ்சினார். தொழில் தெரிந்தவர் ஏறத்தாழ அவர் ஒருவரே. அதுவரை அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த வித்தையை வேறு வழியில்லாமல் வெளிப் பையன்களுக்குத் திறந்துவிட்டார். அப்படி வீட்டோடு வந்து தங்கியவர்களில் ஒருவர் அந்திரேயா குவர்னேரி. அவருடைய பேரன்தான் பிற்காலத்தில் வயலின் மேதை பகானினி வைத்திருந்த 1743ஆம் ஆண்டு 'பீரங்கி' வயலினைச் செய்தவர். ஸ்ட்ராடிவாரியும் நிக்கோலோவின் பட்டறைப் பையன் என்பதற்கு 1666ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றைச் சாட்சி சொல்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. எப்படியோ, பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் ஒருவர் கைவேலையை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

ஸ்ட்ராடிவாரி 1737இல் தொண்ணூறு தாண்டிச் சாகிறவரை உளியைக் கீழே வைக்கவில்லை. ஆயிரத்துக்கு மேல் செய்தார், அறுநூற்றுச் சொச்சம் இன்று இருக்கிறது. வயலின் மட்டும் செய்தார் என்று நினைக்க வேண்டாம். கிடார் செய்தார், ஹார்ப் செய்தார், மண்டலின் செய்தார். கிரெமோனாவின் வயலின் அருங்காட்சியகத்தில் அவருடைய பட்டறைச் சாமான்களைப் பார்த்தபோது நான் அதிக நேரம் நின்றது பெயர்போன வயலின்கள் முன்னால் இல்லை. வால்நட் மரத்தில் வெட்டிய உள்ளச்சுகள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றேன். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, ஜி என்றும் பி என்றும். பக்கப் பட்டைகளை வளைத்துக் கட்டும்போது கயிற்றுக்குச் சின்னக் குச்சி செருகுவார்களே, அந்தத் துளைகள் தேய்ந்திருந்தன. பக்கத்தில் காகிதத்தில் வெட்டிய வடிவங்கள், கழுத்துக்கும் ஃபிங்கர் போர்டுக்கும். அந்தக் காகிதங்களைப் பார்த்தால் பழைய வயலின் எப்படி நின்றது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பழைய கழுத்து பருமன், நீளத்தில் சற்றுக் குட்டை. பெட்டியிலிருந்து கிட்டத்தட்ட நேராக நீளும். பின்னால் சாய்வதில்லை. அதைப் பெட்டிக்குள் பொருத்திச் செருகவும் மாட்டார்கள். பக்கப் பட்டையின் மேல் வைத்து வச்சிரம் தடவி, உள்ளே இருக்கும் தலைக்கட்டையிலிருந்து இரும்பாணி அடித்துவிடுவார்கள். மேல்பலகையை மூடுவதற்கு முன்பே ஆணி அடித்தாக வேண்டும், பிறகு சுத்தி நுழையாது. கழுத்து நேராக இருப்பதால் தந்தி உயரத்துக்கு ஈடுகொடுக்க ஃபிங்கர் போர்டையே ஆப்பு மாதிரி செதுக்கினார்கள். போர்டு குட்டை, ஏனென்றால் விரல் அவ்வளவு உயரம் ஏற வேண்டிய சங்கதி பெரும்பாலும் எழுதப்படவில்லை. பிரிட்ஜ் தாழ்வு. நான்கும் ஆட்டுக் குடல் தந்தி, அடித் தந்திக்கு மட்டும் 1660களுக்குப் பிறகு மேலே உலோகக் கம்பி சுற்றும் வழக்கம் வந்தது. இத்தனையும் சேர்ந்து மேல்பலகையை மிருதுவாக அழுத்தும். பேஸ் பார் சன்னமாக இருந்தாலே போதும். அந்த வயலினின் குரல் பளிச்சென்று, வார்த்தை வார்த்தையாகப் பேசும். அடுத்த தெருவுக்குக் கேட்காது.

இப்படி முழுக்கப் பழைய கோலத்திலேயே தப்பித்து நிற்கும் ஸ்ட்ராடிவாரி வாத்தியம் எங்கே என்று தேடினால் ஃபிளாரன்ஸ் போக வேண்டும். 1690இல் மெதிச்சி இளவரசர் ஃபெர்தினாண்டோவுக்காகச் செய்த டெனர் வயோலா அது. கழுத்து, போர்டு, வால்கட்டை எல்லாம் ஆதியில் வைத்தவை. அது ஏன் தப்பித்தது? பெட்டி மட்டுமே 47 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். தோளில் வைத்து வாசித்தால் கை இறங்கிப்போகும். பிற்காலத்தில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அதனால் யாரும் கழுத்தில் கை வைக்கவில்லை. ஃபெர்தினாண்டோ ஆப்பரா பைத்தியம். பிரத்தோலினோ மாளிகையில் வருஷா வருஷம் ஆப்பரா போட்டவர். அவரிடம் சம்பளத்தில் இருந்த கிறிஸ்தோஃபோரிதான் 1700 வாக்கில் முதல் பியானோவைச் செய்தவர். பியானோவைப் பற்றித் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு ஊருக்குப் போய்விடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பாவின் விலை உயர்ந்த வயலின் ஸ்ட்ராடிவாரி இல்லை என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். டிரோலில் அப்சாம் ஊரைச் சேர்ந்த யாகோப் ஷ்டைனரின் வயலினுக்குத்தான் மவுசு. பாஹ் 1750இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் ஒரு ஷ்டைனர் வயலின் இருக்கிறது. ஷ்டைனரின் பலகை நடுவில் நன்றாக உப்பியிருக்கும். குரல் இனிப்பு, உருண்டை, சின்ன அறைக்கு ஏற்றது. ஸ்ட்ராடிவாரியின் பலகை தட்டை. பக்கத்தில் கேட்டால் கொஞ்சம் முரடு, தூரத்தில் கேட்டால் முழுசாக வந்து சேரும். அறை சின்னதாக இருந்த வரை ஷ்டைனர் ஜெயித்தார்.

அதைப் புரட்டிப்போட்டவர் இத்தாலிய வயலின் வித்வான் ஜொவான்னி பாத்திஸ்தா வியோத்தி. 1782 மார்ச்சில் பாரிஸில் முதல் முறை மேடையேறினார். அவர் வாசித்த ஸ்ட்ராடிவாரிகளில் 1709ஆம் ஆண்டு வயலின் ஒன்று இன்றும் அவர் பெயரோடு லண்டனில் இருக்கிறது. பெரிய கூடத்தின் கடைசி வரிசை வரை அந்தக் குரல் போனதைக் கேட்ட பாரிஸ் ஸ்ட்ராடிவாரி பக்கம் சாய்ந்தது. வியோத்தியின் மீதி வாழ்க்கை ஒரு சினிமா. மேடையை விட்டு விலகி, ராணி மரி ஆந்துவானெத்தின் முடி அலங்காரக்காரர் லெயொனாருடன் கூட்டுச் சேர்ந்து 1789இல் பாரிஸில் ஆப்பரா கம்பெனி தொடங்கினார். அந்த வருஷமே புரட்சி. லண்டனுக்கு ஓடினார், அங்கே ஒயின் வியாபாரம் செய்து நஷ்டப்பட்டார். 1819இல் பாரிஸ் ஆப்பராவுக்கே இயக்குநராக வந்து உட்கார்ந்தார். மறுவருஷம் பிப்ரவரியில் அரங்கின் வாசலில் பெர்ரி கோமகனைக் குத்திக் கொன்றார்கள். ரத்தம் பட்ட அந்த அரங்கையே இடித்துவிட்டார்கள். வியோத்திக்கு ஜாதகம் அப்படி. ஆனால் ஸ்ட்ராடிவாரியைத் தலையில் தூக்கி வைத்தவரும் ஆப்பரா நடத்திக் கடனாளியானவரும் ஒரே ஆள் என்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரிய இடத்தில் வாசிக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

அரங்குகள் வளர்ந்துகொண்டே போயின. மிலானின் பழைய அரங்கு 1776இல் எரிந்துபோக, 1778 ஆகஸ்டில் சாலியெரியின் ஆப்பராவோடு லா ஸ்காலா திறந்தது. அடுக்கடுக்காக மாடப்பெட்டிகள் ஏறி நிற்கும் அந்தக் கிணற்றில் நேர் கழுத்து வயலின் என்ன செய்யும்? அதே மிலானில் மாந்தெகாசா சகோதரர்கள் பழைய கிரெமோனா வயலின்களுக்குக் கழுத்து மாற்றும் வேலையை எடுத்துச் செய்தார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் சலாபூயே பிரபு கோசியோ. 1775ஐ ஒட்டி ஸ்ட்ராடிவாரியின் மகன் பாவோலோவிடமிருந்து மிச்ச வயலின்களையும் பட்டறைச் சாமான்களையும் மொத்தமாக வாங்கியவர் அவர்தான். நான் பார்த்த அந்த அச்சுகளும் காகிதங்களும் அவர் கை வழியாகப் பிழைத்தவை. ஒரு பக்கம் பழையதைப் பொக்கிஷமாகச் சேர்த்தார், மறுபக்கம் கழுத்தை வெட்டக் கொடுத்தார். அவருக்கு இதில் முரண்பாடு தெரிந்ததாகத் தோன்றவில்லை. பாரிஸில் 1806இல் சிபீர் என்ற பாதிரியார் வயலின் செய்கிறவர்களுக்காக ஒரு புத்தகம் போட்டார். பழைய வயலின்களுக்கு பேஸ் பார் மாற்றுவது அன்றாடக் காரியமாகிவிட்டது, முன்பு இவ்வளவு உச்சத்தில் யாரும் வாசிக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்.

அந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்று சொல்கிறேன், இன்றும் நாங்கள் அதையேதான் செய்கிறோம். முதலில் மெல்லிய கத்தியை மேல்பலகைக்கும் பக்கப் பட்டைக்கும் நடுவில் நுழைத்து மெதுவாக நெம்ப வேண்டும். வச்சிரம் படக் படக்கென்று விட்டுக்கொடுக்கும். அது விட்டுக்கொடுக்கிற பசை என்பதால்தான் 300 வருஷத்து வயலின்கள் உயிரோடு இருக்கின்றன. ஃபெவிகால் போட்டிருந்தால் மரம் கிழிந்திருக்கும். பழைய கழுத்தை ஆணியோடு பிடுங்குவார்கள். சுருள் தலையை மட்டும் ரம்பத்தால் அறுத்துத் தனியாக எடுத்துவைப்பார்கள், அது ஆசானின் கையெழுத்து போல. புதுக் கழுத்தின் நுனியை ஆப்பாகச் சீவி, பிரடைப் பெட்டியின் உள்ளே இறக்கி ஒட்டுவார்கள். மறுமுனையைத் தலைக்கட்டையில் குழி வெட்டிச் செருகுவார்கள், ஆணி இல்லை. கழுத்து இப்போது பின்னால் சாய்ந்திருக்கும், சற்று நீளமாகவும் இருக்கும். பிரிட்ஜ் உயரும். தந்திகளின் இழுவை ஏறும். அது மேல்பலகையை அமுக்குமே, அதைத் தாங்க முன்னதைவிட நீளமும் பருமனுமான பேஸ் பார். பாட்டனார் கட்டிய வீட்டுக்குப் பேரன் மாடி எடுக்கும்போது அஸ்திவாரத்தில் தூண் கொடுப்பானே, அந்த வேலை.

தலை ஒட்டிய இடத்தில் பிரடைப் பெட்டியின் கன்னத்தில் மெல்லிய கோடு தெரியும். நல்ல பழைய வயலினுக்கு அதுவே அடையாளம் என்றாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட ஜெர்மன் பட்டறைகளில் சிலர் ஒரே துண்டில் செய்த புதுக் கழுத்தின் கன்னத்தில் கத்தியால் பொய்க்கோடு கீறி அனுப்பினார்கள். அப்படிப்பட்டவை என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. சீட்டு ஒட்டியதை மன்னித்துவிட்டேன், இதை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை.

வில்லும் மாறியது. பழைய வில்லின் குச்சி வெளிப்பக்கமாக லேசாக வளைந்திருக்கும், நுனிக்குப் போகப்போகச் சத்தம் தேயும். 1780களில் பாரிஸில் வில் செய்கிறவரான ஃபிரான்சுவா தூர்த், பிரேசிலிலிருந்து சாயத்துக்காக வந்த பெர்னம்புக்கோ மரத்தை எடுத்து, உள்பக்கமாக வளைத்து, 75 சென்டிமீட்டர் அளவில் நிலைநிறுத்தினார். அடியிலிருந்து நுனி வரை ஒரே அழுத்தத்தில் ஒரு கார்வையை இழுக்கலாம். பாடுகிறவர் மூச்சைப் பிடித்து நீட்டுகிற மாதிரி. 1820 வாக்கில் ஜெர்மன் வயலின் வித்வான் லூயி ஷ்போர் தாடைக்கட்டை வைத்தார். இடது கைக்கு வயலினைத் தாங்கும் வேலை போய் மேலே ஏற விடுதலை கிடைத்தது. நம் வித்வான்கள் தரையில் உட்கார்ந்து சுருளைப் பாதத்தில் ஊன்றி அதே விடுதலையை வேறு வழியில் சம்பாதித்துக்கொண்டார்கள்.

சென்னப்பட்டணத்துக்கு வயலின் வந்து, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்டதும் இந்தக் கழுத்து மாற்றக் காலத்தில்தான். 1786இல் பிறந்தவர் அவர். வயலின் வித்வான் வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தில் செய்த வயலின் பரிசளித்தது 1834. பழைய உருவமா புதிய உருவமா என்ற பேச்சே இங்கே எழவில்லை. வந்த பெட்டியைச் சுருதி இறக்கி, ஸ-ப-ஸ-ப என்று தந்தி கட்டி, நம்முடையதாக்கிக்கொண்டோம்.

கழுத்து மாற்றாத வயலின்களைத் தேடி வட இத்தாலியின் கிராமம் கிராமமாகக் கால்நடையாக அலைந்தவர் லூயிஜி தாரிசியோ. தச்சு வேலை தெரிந்தவர். புது வயலினைக் கொடுத்துவிட்டுப் பரணில் கிடந்த பழையதை வாங்கிக்கொண்டு பாரிஸுக்குப் போவார். தன்னிடம் தொடாத ஸ்ட்ராடிவாரி ஒன்று இருப்பதாகப் பீற்றிக்கொண்டே இருந்தவர், அதை மட்டும் கொண்டுவரவே இல்லை. மீட்பர் மெசையா மாதிரி, எப்போதும் வருவார் வருவார் என்கிறீர்கள், வருவதில்லை என்று வயலின் வித்வான் அலார் கிண்டலடித்தாராம். அதுவே அந்த 1716ஆம் ஆண்டு வயலினுக்குப் பெயராக நின்றுவிட்டது. 1854இல் தாரிசியோ மிலானில் இறந்ததும் பாரிஸ் வியாபாரி வியோம் ஓடிப்போய் மொத்தச் சேகரிப்பையும் வாங்கினார். தொடாத அந்த வயலினுக்கும் கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, பேஸ் பாரை மாற்றினார்! இன்று ஆக்ஸ்ஃபோர்டில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 1869இல் கிரெமோனா நகரம் ஸ்ட்ராடிவாரியைப் புதைத்திருந்த சான் தொமெனிகோ தேவாலயத்தை இடித்தபோது அவருடைய எலும்புகளே கலந்து காணாமல் போயின. ஊர் அந்த இடத்தில் பூங்கா வைத்தது.

இதற்குள் ஆப்பராவின் பசி இன்னும் பெரிதாகியிருந்தது. 1829இல் பாரிஸில் இசையமைப்பாளர் ரொசினியின் 'வில்லியம் டெல்' ஆப்பரா ஐந்து செல்லோக்களின் தனி வாசிப்போடு திரை தூக்கியது. அவ்வளவு பெரிய அரங்கில் ஐந்தே செல்லோ தனியாகப் பேசும் துணிச்சல் நேர்கழுத்துக் காலத்தில் ஒருவருக்கும் வந்திருக்காது. 1876இல் பைராய்த்தில் வாக்னர் 64 தந்தி வாத்தியங்களைக் கேட்டார், பிறகு சத்தம் பாடகர்களை விழுங்காமல் இருக்க வாத்தியக் குழியையே மேடைக்கு அடியில் மூடி மறைத்தார். அதே வருஷம் கிரெமோனா பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அந்த நகரத்தின் பேண்டு மாஸ்டராக இருந்த பொங்கியெல்லியின் 'ஜொகோந்தா' லா ஸ்காலாவில் வெற்றி பெற்றது. பக்கத்து ஊரான கிரெமாவின் பொத்தெசினி மூன்று தந்தி டபுள் பேஸில் வயலின் போல வாசித்து ஊரை அசத்தியவர். 1871இல் கெய்ரோவில் வெர்தியின் 'ஐதா' ஆப்பராவின் முதல் இரவை நடத்தியவரும் அவரே. 1887 பிப்ரவரியில் லா ஸ்காலாவில் வெர்தியின் 'ஓதெல்லோ'. முதல் அங்கத்தின் காதல் காட்சி நாலு செல்லோவில் மலர்கிறது, கடைசி அங்கத்தில் கொலைகாரன் படுக்கையறைக்குள் நுழையும்போது டபுள் பேஸ்கள் மட்டும். பிற்காலத்தில் பேர்பெற்ற இசைக்குழு நடத்துநரான தொஸ்கானினி அன்று 19 வயதில் செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் உரக்க வாசி என்று வெர்தி அவரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. வெர்தியே உரக்க என்று சொன்னாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் 'ஓதெல்லோ'வின் முதல் நிமிஷப் புயலைக் கேட்கலாம்.

வயலினுக்குக் கழுத்து மாற்றலாம். பாடுகிறவருக்கு முடியாது. அங்கேதான் சிக்கல் வந்தது. பளபளப்புக்காக ஊர் ஊருக்கு வாத்தியக் குழுக்கள் சுருதியை ஏற்றிக்கொண்டே போயின. அதற்கேற்பத் தொண்டையும் மல்லுக்கட்டியது. டெனர் துப்ரே 1837இல் பாரிஸில் அதே 'வில்லியம் டெல்'லில் உச்ச ஸ்வரத்தைக் கள்ளக்குரலில் தொடாமல் மார்பிலிருந்து முழக்கினார். கூட்டம் வெறிபிடித்தது. எழுதிய ரொசினிக்கு அது கழுத்தறுபடும் சேவலாகக் கேட்டதாம். நம் கச்சேரியில் பாடகரின் சுருதிக்கு வயலின் இறங்கும், இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. அங்கே வயலினின் சுருதிக்குப் பாடகர் ஏற வேண்டியிருந்ததால் சட்டமே போட வேண்டியதாயிற்று. 1858இல் பிரெஞ்சு அரசு இசையமைப்பாளர்கள் ரொசினி, மயர்பேர், பெர்லியோஸ் உள்பட ஒரு குழுவை அமைத்தது. மறுவருஷம் மத்திய 'ஏ' ஸ்வரம் நொடிக்கு 435 அதிர்வு என்று ஆணை வந்தது, அதற்கான மாதிரிச் சுருதிக்கவையை இயற்பியலாளர் லிசஜூ செய்தார். இத்தாலியில் வெர்தியின் வற்புறுத்தலில் 1884இல் ராணுவ பேண்டுகளுக்கு 432 என்று தீர்மானமானது. 1885இல் வியன்னாவில் கூடிய நாடுகள் 435க்குக் கைதூக்கின.

எதுவும் நிற்கவில்லை. 1939இல் லண்டன் மாநாடு 440 என்றது, இன்று பெரிய ஐரோப்பியக் குழுக்கள் 442, 443 என்று வாசிக்கின்றன. மேலே ஏற ஏற முதலில் கையை விரித்தது ஆட்டுக் குடல்தான். மேல் 'ஈ' தந்தி கச்சேரி நடுவில் அறுந்து விழுந்துகொண்டே இருந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய வருஷங்களில் அந்த இடத்துக்கு எஃகுக் கம்பி வந்தது. மெல்லிய எஃகைத் திருகினால் பிரடை ஒரு மயிரிழை நகர்ந்தாலே சுருதி தாவிவிடும், ஆகவே வால்கட்டையில் சின்னத் திருகாணி ஒன்றைப் பொருத்தினார்கள். அந்தத் திருகாணி சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஸ்ட்ராடிவாரி வயலினிலும் அது இருக்கும்.